சொந்தக் குருதியிலிருந்து முரசுக்கு மருந்து: பி.ஆர்.எப். தயாரிப்பும் ஊவாத் தோட்டங்களும்

முரசு என்றாலும் ஈறு என்றாலும் ஒன்றுதான்: பல்லைச் சுற்றிப் பிடித்திருக்கும் சதை. அது பல்லை விட்டு விலகி, உள்ளே இருக்கும் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத நல்ல பல் ஆடத் தொடங்கும்போது நம்மில் பெரும்பாலானோர் செய்வது பல்லைப் பிடுங்கிவிட்டு வருவதுதான். இப்போது இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, அதை இயந்திரத்தில் சுழற்றி, அதிலிருந்து வரும் கட்டியை முரசுக்குள் வைத்துத் தைத்தால் கரைந்த எலும்பு மீண்டும் வளரும் என்கிறார்கள். பி.ஆர்.எப். என்பது அதன் சுருக்கப் பெயர். குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பைபிரின் என்று விரித்துச் சொல்லலாம். இதில் உண்மை எவ்வளவு, எப்படித் தயாரிக்கிறார்கள், பசறையிலோ ஹப்புத்தளையிலோ ஒரு தோட்டத்தில் இருப்பவருக்கு இது எட்டுமா என்பவற்றை இங்கே பார்ப்போம்.

பூண்டுலோயாவில் அளக்கப்பட்ட வாய்கள்

முரசு நோய் பற்றி உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கும் பாடத்தில் மலையகத் தமிழர்களுக்கு ஓர் இடம் உண்டு. அது நமக்கே அதிகம் தெரியாது.

நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1970இல் இலங்கைக்கு வந்தார்கள். நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களைச் சோதித்தார்கள். எல்லோரும் இளைஞர்கள், வயது 14 முதல் 31 வரை. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1969இல், ஒஸ்லோவில் படித்த 565 ஆண்களிடம் இதே ஆய்வைத் தொடங்கியிருந்தார்கள். நோர்வே இளைஞர்கள் சிறுவயது முதலே ஒழுங்கான பல் சிகிச்சை பெற்றவர்கள். தோட்டத்து இளைஞர்கள் பல் சிகிச்சை என்ற ஒன்றையே அறியாதவர்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் முரசு நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பது ஆய்வின் நோக்கம். அதற்குச் சிகிச்சையே இல்லாத மக்கள் தேவைப்பட்டார்கள். தோட்டத்தில் அவர்கள் கிடைத்தார்கள்.

1985 வரை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். 1986இல் வெளியான முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஏறக்குறைய 8 வீதத்தினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது. 81 வீதத்தினருக்கு மெதுவாக முன்னேறியது. 11 வீதத்தினருக்கு முரசு வீங்கியிருந்ததே தவிர அதற்கு மேல் போகவில்லை. 35 வயதாகும்போது வேகக் குழுவினருக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீற்றர் போயிருந்தது. நடுக்குழுவினருக்கு 4, கடைசிக் குழுவினருக்கு 1க்கும் குறைவு. 45 வயதில் முதல் குழுவின் இழப்பு 13 மில்லிமீற்றர். ஒரு பல்லின் வேர் முழுவதுமே ஏறக்குறைய அவ்வளவு நீளந்தான். இவர்களுக்குப் பற்சொத்தை அநேகமாக இல்லவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சொத்தையில்லாத பல், பிடிமானம் போனதாலேயே விழுந்தது.

2010இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்த 480 பேரைத் தேடி மீண்டும் வந்தபோது 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. நாற்பது வருடத் தரவு அது. முரசு நோய் ஆய்வில் இதற்கு ஈடான இன்னொன்றைச் சொல்வது கடினம்.

பூண்டுலோயா ஊவாவுக்குள் இல்லை, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். ஆனாலும் லயன் வாழ்க்கை, வெற்றிலைத் தட்டு, டிஸ்பென்சரியைத் தாண்டி வைத்தியம் கிடைக்காத நிலை ஆகியவற்றில் நமுனுகுலவுக்கும் டன்சினனுக்கும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. பி.ஆர்.எப். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த எண்களில் இருப்பதால்தான் இதை முதலில் சொன்னோம். எல்லோருக்கும் நோய் ஒரே மாதிரிப் போவதில்லை. பெரும்பாலானோருக்கு அது மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போகும் நோயைச் சுத்தப்படுத்தலாலேயே நிறுத்த முடியும்.

ஏன் தானாக வளர்வதில்லை?

கையில் வெட்டுப்பட்டால் தோல் கூடுகிறது, முரசுக்குள் கரைந்த எலும்பு மட்டும் ஏன் திரும்ப வருவதில்லை? பல்லுக்கும் முரசுக்கும் இடையில் பை போல ஒரு பள்ளம் உருவாகி, அதன் அடியில் கிருமிப் படலமும் பற்காரையும் குடியிருக்கும் வரை எதுவும் ஆறாது. வைத்தியர் அதை முழுவதும் சுரண்டி எடுத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தக் காலி இடத்துக்குள் எலும்பு, பல்லைப் பிணைக்கும் நார், முரசின் மேல்தோல் எல்லாமே வளரப் பார்க்கின்றன. மேல்தோல்தான் எல்லாவற்றிலும் வேகமானது. அது வேரோடு ஒட்டி இறங்கி இடத்தைப் பிடித்துவிடும். மெதுவாக வளரும் எலும்புக்கும் நாருக்கும் இடமிருக்காது. வேரின் மேல் எந்தக் கலம் முதலில் போய்ச் சேருகிறதோ அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்று 1976இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் எழுதினார். அதன் பிறகு வந்த மீள்வளர்ச்சிச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை மேல்தோலைத் தள்ளி வைத்து எலும்புக்குக் காலம் வாங்கிக் கொடுக்கும் முயற்சிகளே.

குருதிக்கு இங்கே வேலை இருக்கிறது. செங்குழியம், வெண்குழியம் தவிர நமது குருதியில் ஒரு மைக்ரோலீற்றருக்கு ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை குருதிச் சிறுதட்டுகள் உள்ளன. காயம் பட்ட இடத்தில் முதலில் கூடி அடைப்பவை இவைதாம். அடைப்பதோடு நிற்காமல், தம்முள் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் வெளிவிடுகின்றன. புதிய நுண்குழாய்களை வரவழைப்பது ஒன்று, நார்க்கலங்களைப் பெருக வைப்பது இன்னொன்று. குருதி உறையும்போது உருவாகும் பைபிரின் என்ற புரத வலை இவற்றையெல்லாம் பிடித்து வைத்திருந்து கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. உடல் எப்போதும் செய்யும் வேலைதான் இது. பி.ஆர்.எப். அதைச் செறிவாக்கி, தேவையான இடத்துக்குக் கையால் கொண்டுபோய் வைக்கிறது.

பி.ஆர்.பி.யிலிருந்து பி.ஆர்.எப். வரை

முதலில் வந்தது பி.ஆர்.பி. 1990களின் இறுதியில், குறிப்பாக 1998இல் அமெரிக்கத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் றொபர்ட் மார்க்ஸ் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, அது பரவலாகப் பேசப்பட்டது. அதில் குருதி உறையாமல் இருக்க மருந்து கலந்து, பெரும்பாலும் இரு தடவை சுழற்றி, கடைசியில் மாட்டிலிருந்து எடுத்த திரொம்பினும் கல்சியம் குளோரைட்டும் சேர்த்து உறைய வைத்தார்கள். செலவும் நேரமும் பிடித்தன. மாட்டுத் திரொம்பினுக்கு எதிராகச் சிலரின் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி, அபூர்வமாகக் குருதிப்போக்கு வந்த நிலையும் உண்டு.

2001இல் பிரான்ஸ் வைத்தியர் ஜோசப் சூக்ரூன் இதை எளிதாக்கினார். எந்த மருந்தும் கலக்காமல் குருதியை எடுத்து உடனே சுழற்றினார். குழாய்க்குள்ளேயே குருதி இயல்பாக உறைந்து, சிறுதட்டுகளும் வெண்குழியங்களும் சிக்கிய கட்டி கிடைத்தது. ஒரு தடவை சுழற்றினால் போதும், வெளிப்பொருள் எதுவும் தேவையில்லை. இந்தியா, துருக்கி, பிரேசில் போன்ற நாடுகளின் அரச பல் கல்லூரிகளில்கூட இது வேகமாகப் பரவியதற்கு அந்த எளிமைதான் காரணம்.

தயாரிக்கும் முறை

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு எது சரி, எது பிழை என்று தெரிந்திருப்பது நல்லது. சிறிய வைத்தியசாலையொன்றில் இதைத் தொடங்க நினைக்கும் பல் வைத்தியருக்கும் தாதிக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

முழங்கையின் உட்புற நாளத்திலிருந்து குருதி எடுக்கிறார்கள். ஒரு குழாய்க்கு 9 அல்லது 10 மில்லிலீற்றர். ஒரு பல்லின் பள்ளத்துக்கு இரண்டு முதல் நான்கு குழாய்கள் வரை போதும், பெரிய வேலைக்கு எட்டு வரை போகலாம். இரத்ததானத்தில் எடுப்பது 450 மில்லிலீற்றர் அளவு. அதோடு ஒப்பிட்டால் நான்கு குழாய்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரத்தச் சோகை இருக்கும் கொழுந்துப் பெண்களுக்கு முதலில் வரும் பயம் இதுதான் என்பதால் இதைச் சொல்கிறோம். நாற்பது மில்லிலீற்றர் எடுத்தால் பலவீனம் வராது.

குழாய் எது என்பதில்தான் பல இடங்களில் பிழை நடக்கிறது. உட்புறம் வெறும் கண்ணாடியாக உள்ள, எந்த மருந்தும் இல்லாத குழாய் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. இருக்கும். நீல மூடியில் சிற்றேற்று, பச்சை மூடியில் ஹெப்பரின். இம்மூன்றிலும் குருதி உறையாது, கட்டியும் வராது. மஞ்சள் மூடிக் குழாயின் அடியிலுள்ள ஜெல் இந்த வேலைக்கு ஆகாது. சிவப்பு மூடிக் குழாய்களிலும் இரண்டு வகை உண்டு. கண்ணாடி ஒன்று, உட்புறம் சிலிக்காத் தூள் பூசிய பிளாஸ்ரிக் இன்னொன்று. இரண்டாவதில் கட்டி வந்தாலும் சிலிக்காத் துகள்கள் அதோடு சேர்ந்து காயத்துக்குள் போகும் என்ற கவலையை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். ஆய்வுகூடக் குழாய்கள் பரிசோதனைக்காகச் செய்யப்பட்டவை, உடலுக்குள் திரும்ப வைக்கும் பொருளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இந்த வேலைக்கென்றே விற்கப்படும் கிருமி நீக்கிய குழாய்தான் சரி.

அடுத்தது வேகம். உறைதலைத் தடுக்க எதுவும் இல்லாததால், குருதி கண்ணாடியைத் தொட்ட கணத்திலேயே உறையத் தொடங்கிவிடும். ஊசி ஏறியதிலிருந்து குழாய் சுழலத் தொடங்கும் வரை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நாளம் கிடைக்காமல் தேடித் தேடிச் சொட்டுச் சொட்டாக எடுத்தால் சிறுதட்டுகள் பிரிவதற்கு முன்பே எல்லாம் கலந்து உறைந்து, சிவந்த, உதிரும் கட்டிதான் கிடைக்கும். ஆகவே குருதி எடுப்பவரின் கைப்பழக்கம் இங்கே பல் வைத்தியரின் கைக்குச் சமம். இயந்திரம் பக்கத்து அறையில்கூட இருக்கக்கூடாது, நாற்காலிக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

சுழற்றுவது மையநீக்கி. ஆய்வுகூடக்காரர் சென்ட்ரிபியூஜ் என்பார்கள். குழாய்களை எதிரெதிராகச் சமன்செய்து வைக்க வேண்டும். ஒற்றைக் குழாய் என்றால் எதிரில் அதே நிறையுள்ள தண்ணீர்க் குழாய். பழக்கத்தில் உள்ள முறைகளில் ஒன்று நிமிடத்துக்கு 2,700 சுற்றில் 12 நிமிடம், இன்னொன்று 3,000 சுற்றில் 10 நிமிடம். சுற்று எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. குருதியைப் பிரிப்பது விசை. அந்த விசை சுற்று எண்ணிக்கையோடு இயந்திரக் கையின் நீளத்தையும் பொறுத்தது. அச்சிலிருந்து கட்டி உருவாகும் இடம் 5 சென்ரிமீற்றர் தொலைவில் இருந்தால் 2,700 சுற்றில் ஈர்ப்பு விசையைப் போல் ஏறக்குறைய 400 மடங்கு கிடைக்கும். 10 சென்ரிமீற்றர் தொலைவில் இருந்தால் அதே சுற்றில் 800 மடங்கைத் தாண்டும். அந்த நீளக்கை இயந்திரத்தில் 400 மடங்கு வேண்டுமென்றால் சுற்றை 1,900 அளவுக்குக் குறைக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் உள்ள எண்ணை அப்படியே வேறொரு இயந்திரத்தில் போட்டுவிட்டு பி.ஆர்.எப். பயன் தரவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. குழாய் சாய்ந்து நிற்கும் இயந்திரத்தைவிடக் கிடையாக விரிந்து சுழலும் இயந்திரம் கலங்களைச் சீராகப் பிரிக்கிறது என்றும் பின்னைய ஆய்வுகள் காட்டியுள்ளன. தேய்ந்து அதிரும் பழைய இயந்திரம் இரண்டு வகையிலும் ஆகாது.

ஊவாவுக்கென்று இரண்டு சொல்ல வேண்டும். குளிரில் குருதி உறைவது தாமதமாகும். ஹப்புத்தளையில் கடும் பனிக்காலைப் பொழுதில் சில்லிட்ட குழாயில் எடுத்தால் கட்டி சிறுத்து வரலாம். குழாயை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, மின்சாரம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்படிச் சுழலும் நடுவில் மின்சாரம் நின்றால் அந்தக் குழாய்கள் வீண். திரும்பச் சுழற்றிப் பயனில்லை, திரும்பக் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

இயந்திரம் நின்றதும் குழாயில் மூன்று அடுக்கு தெரியும். அடியில் செங்குழியம், மேலே தெளிந்த மஞ்சள் நீர், நடுவில் வெளிர்மஞ்சள் நிறத்தில் கொழுக்கட்டை மாவு போல் வழுவழுப்பான கட்டி. அந்த நடுக்கட்டிதான் பி.ஆர்.எப். மூடியைத் திறந்து சில நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டு இடுக்கியால் இழுத்தால் செந்நிற வாலோடு வரும். கத்தரிக்கோலால் வாலை நீக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீற்றர் சிவப்பை விட்டுவைக்க வேண்டும். சிறுதட்டுகளும் வெண்குழியங்களும் அதிகம் தங்குவது அந்த எல்லையில்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாச் சிவப்பையும் வெட்டி எறிபவர் மருந்தின் நல்ல பாகத்தையே எறிகிறார்.

பிறகு துளையிட்ட தட்டுள்ள ஒரு பெட்டியில் வைத்து, மேல் தட்டின் நிறையால் மெதுவாக அமுக்குகிறார்கள். ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள சவ்வு கிடைக்கும். தையல் தாங்கும். துணியால் பிழிந்தால் சவ்வு காய்ந்து, வளர்ச்சிக் காரணிகளும் வழிந்து போகும். பெட்டியின் அடியில் சேரும் நீரை எலும்புத்தூளை நனைக்கப் பயன்படுத்தலாம். சவ்வு காயாமல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாய்க்குள் போய்விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நாளைக்குப் பாவிக்கும் பொருள் இல்லை.

திரவ வடிவமும் ஒன்று உண்டு. உட்புறம் எதுவும் பூசாத பிளாஸ்ரிக் குழாயில் எடுத்து, 700 சுற்றில் 3 நிமிடம் மட்டும் சுழற்றினால் மேலே ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் மஞ்சள் திரவம் நிற்கும். அதை ஊசியில் இழுத்து எலும்புத்தூளோடு கலந்தால் சில நிமிடங்களில் பசை போல் இறுகும்.

ஒருவரின் குருதி அவருக்கு மட்டுமே. இரண்டு பேரின் குழாய்களை ஒரே நேரத்தில் ஒரே இயந்திரத்தில் போடாமல் இருப்பது பாதுகாப்பு. தாயின் குருதி மகனுக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது.

எவ்வளவு பயன் தரும்?

எலும்பு இரண்டு விதமாகக் கரைகிறது. ஒரு பல்லின் பக்கத்தில் மட்டும் கிணறு தோண்டினாற்போல் இறங்குவது ஒன்று. வாய் முழுவதும் மட்டமாகக் கீழே போவது மற்றது. பி.ஆர்.எப். நன்றாக வேலை செய்வது முதல் வகையில், அதுவும் மூன்று பக்கச் சுவர் எஞ்சியிருக்கும் ஆழமான கிணற்றில். பெங்களூர் அரச பல் வைத்தியக் கல்லூரியில் இப்படிப்பட்ட 56 பள்ளங்களில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. முரசைத் திறந்து சுத்தம் செய்து மூடியதில் எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு நிரம்பல் 2 வீதத்துக்கும் குறைவு. சுத்தம் செய்து பி.ஆர்.எப். வைத்ததில் ஏறக்குறைய 48 வீதம். பையின் ஆழம் முன்னதில் சராசரியாக 3.2 மில்லிமீற்றரும் பின்னதில் 4.5 மில்லிமீற்றரும் குறைந்தன. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தவர்களும் சுத்தப்படுத்தலோடு பி.ஆர்.எப். சேர்த்தால் மேலதிக நன்மை உண்டு என்றே முடிவு செய்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரிவதும் நாரும் வேர்ப்பூச்சும் சேர்ந்து பழையபடி உண்மையாக வளர்வதும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கையும் அவற்றில் இருக்கிறது.

மட்டமாகக் கரைந்த எலும்பை பி.ஆர்.எப். திரும்ப எழுப்பாது. டன்சினன் வாய்களில் கண்டது போல் நீண்ட காலம் சிகிச்சையே இல்லாமல் விட்டவர்களிடம் அதிகம் இருப்பது இந்த வகைதான். எல்லாப் பல்லும் ஆடும் ஒருவரிடம் இரத்தத்தால் எல்லாவற்றையும் இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காசைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு வைத்தியரையும் கேட்பது நல்லது.

முரசு கீழிறங்கி வேர் தெரியும் நிலையில், மேல்வாய்த் தோலுக்கடியிலிருந்து எடுத்து வைக்கும் சதை ஒட்டுத்தான் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. பி.ஆர்.எப். சவ்வு வேரை மூட உதவும், ஆனால் அந்த ஒட்டின் தடிப்பைத் தராது. மேல்வாயில் இரண்டாவது காயம் இல்லை என்பது அதன் இலாபம். பல் பிடுங்கிய குழியில் வைத்தால் நோவும் வீக்கமும் குறைகின்றன என்பதற்கு, குறிப்பாகக் கடைவாய் ஞானப்பல்லில், ஆதாரம் உண்டு.

போரில் தாடையில் செல் சிதறல் பட்டு எலும்போடு பற்களை இழந்த வாசகர்கள் இதைப் படிக்கக்கூடும். அந்த அளவு இழப்பை பி.ஆர்.எப். தனியாக நிரப்பாது. அங்கே இடுப்பு அல்லது கால் எலும்பிலிருந்து எடுக்கும் ஒட்டும் முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரும் வேண்டும். பி.ஆர்.எப். அந்தச் சிகிச்சையில் துணைப்பொருளாகச் சேர்க்கப்படலாம். சிதறல் இன்னும் உள்ளே இருந்தால், ஸ்கான் எடுப்பதற்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இரும்புத் துண்டு நகரக்கூடும்.

யார் பொறுத்திருக்க வேண்டும்

டெங்கு வந்து சிறுதட்டு எண்ணிக்கை விழுந்தவர், எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்ததை இரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகே போக வேண்டும். வார்பரின் குடிப்பவரின் குருதி குழாயில் சரியாக உறையாது. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது, எழுதிக் கொடுத்த வைத்தியரைக் கேட்க வேண்டும். பதுளை மாவட்டத்துக்கு இன்னொன்றும் உண்டு. மஹியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியுள்ள பிரதேசம். குருதிச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்கு ஹெப்பரின் ஏற்றுகிறார்கள், ஆகவே அந்த நாளில் குருதி எடுத்துக் கட்டி செய்ய முடியாது.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் பயன் குறையும். வெற்றிலை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்பது நமக்குத் தெரியும். பாக்கும் புகையிலையும் சேர்ந்த சப்பல் முரசை மட்டும் கெடுப்பதில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால், முரசு வளர்ப்பதற்கு முன் அதைக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் வளர்ச்சிக் காரணி வைக்கும் வேலைக்கு வைத்தியர் அவசரப்பட மாட்டார்.

பதுளையில் எட்டுமா?

இதற்கு வேண்டிய பொருட்களில் விலை கூடியது மையநீக்கி. அது ஆய்வுகூடம் உள்ள எந்த வைத்தியசாலையிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும் இயந்திரம். குழாய், ஊசி, பெட்டி, இடுக்கி எல்லாம் சாதாரணம். வெளிநாட்டிலிருந்து வரும் எலும்புத்தூளோடும் சவ்வோடும் ஒப்பிட்டால் நோயாளியின் குருதி இலவசம். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது சிறிய விடயமில்லை. ஆகவே பதுளை போதனா வைத்தியசாலை, தியத்தலாவை, வெலிமடை, மொனராகலை போன்ற அரச வைத்தியசாலைகளில் இதைச் செய்ய முடியாது என்பதற்குப் பொருள் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. வேண்டியது முரசைத் திறந்து தைக்கப் பயிற்சி பெற்ற கை. அரச சேவையில் இந்த வேலை மறுசீரமைப்புப் பல் வைத்திய நிபுணரிடம் வருகிறது. அவருடைய கிளினிக் நாள் எது என்று வைத்தியசாலைப் பல் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம். அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் பேராதனைப் பல் வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையும் கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலையும் இருக்கின்றன.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. நாட்சம்பளம் 2021இல் மொத்தம் 1,000 ரூபா, 2024இல் அடிப்படை 1,350 ரூபா. லுணுகலை மலையிலிருந்து பதுளைக்கு வந்து போனால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசு வேறு. இந்தச் சிகிச்சை ஒரு தடவையில் முடிவதும் இல்லை. முதலில் காரை நீக்கி வேரைச் சுத்தம் செய்ய ஒன்றிரண்டு தடவை. ஆறு வாரம் முதல் மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளப்பார்கள். அப்போதும் பை 6 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்து, எக்ஸ்ரேயில் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத கிணறு தெரிந்தால்தான் சத்திரசிகிச்சை. பலருக்கு அந்த முதற்கட்டச் சுத்தத்திலேயே பை சுருங்கி, பி.ஆர்.எப். தேவையே இல்லாமல் போய்விடும். ஆகவே தோட்டத்துக்கு வரும் நடமாடும் பல் சேவை வருடத்துக்கு ஒரு நாள் வந்து பல் பிடுங்கிவிட்டுப் போவதைவிட, அதே நாளில் பத்துப் பேருக்குக் காரை எடுத்தால் பயன் கூட. தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சுகாதாரப் பணிமனையிடமும் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், கடைசிப் போருக்குள்ளும் அகப்பட்ட குடும்பங்களுக்கும் இதே கணக்குத்தான். ஊர் மாறியிருக்கிறதே தவிர, கூலி நாளை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை மாறவில்லை.

நாற்காலியில் உட்காருமுன் கேட்கக்கூடியவை சில உண்டு. எந்தப் பல்லுக்கு, பை எத்தனை மில்லிமீற்றர், எலும்பு கிணறாகக் கரைந்ததா மட்டமாகவா, குழாய் இந்த வேலைக்கென்று வந்ததா, சுத்தப்படுத்தல் முடிந்து எத்தனை நாள். தமிழில் கேட்க முடியாத இடமென்றால் எழுதிக் கொண்டு போகலாம்.

சத்திரசிகிச்சை முடிந்த பிறகு

விறைப்பு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இறங்கும். அதுவரை சூடாக எதுவும் குடிக்கக்கூடாது, கன்னத்தைக் கடித்துக்கொள்ளவும் நேரும். முதல் நாள் துப்பிக்கொண்டே இருந்தால் கட்டி அசையும். தையல் போட்ட இடத்தில் பிரஷ் போடாமல், வைத்தியர் தரும் குளோர்ஹெக்சிடின் நீரால் வாயை நனைத்துத் துப்ப வேண்டும். மற்றப் பற்களை வழக்கம் போல் துலக்கலாம். வெற்றிலையும் சுருட்டும் இரண்டு வாரத்துக்காவது வேண்டாம். ரொட்டியை விட்டுக் கஞ்சி, குழைந்த சோறு.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டுகிறது. குனிந்து பாரம் தூக்கினால் தலைக்கு இரத்தம் ஏறிக் காயம் கசியும் என்பதால் முதல் இரண்டு மூன்று நாள் மலைக்குப் போகாமல் இருப்பது நல்லது. அதற்கு வைத்தியச் சான்றிதழைச் சத்திரசிகிச்சை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு அதற்காக இன்னொரு தடவை பதுளைக்கு ஏற முடியாது. நிற்காத குருதிப்போக்கு, காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடும் வீக்கம் ஆகியவற்றுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போகலாம்.

தையல் பத்து முதல் பதினான்கு நாளில் எடுப்பார்கள். புதிய எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும், அதற்குள் அந்தப் பையைக் கம்பி விட்டு அளக்கக்கூடாது. முதல் எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருந்து அன்று கையோடு கொண்டு போக வேண்டும். ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும்.